ஆட்டம் க்ளோஸ்!

சிஎன்சி ரவுட்டர், 3டி பிரிண்டர், லேசர் கட்டர் என்று மொட்டை மாடியிலும் கார் ஷெட்டிலும் சொந்தமாக இயந்திரம் கட்டுகிறவர்களுக்கு இந்த வாரம் ஒதுக்கீடு. கடிதம் போட்டவர்களில் பாதிப் பேர், ‘வீட்டுக்குத் தெரியாது, பெயர் போட வேண்டாம்’ என்று கடைசி வரியில் கெஞ்சியிருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: மரம் அறுக்க ஒரு சிஎன்சி ரவுட்டர் கட்டப்போகிறேன். இரும்பா, அலுமினியமா, பிளைவுட்டா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
— சிங்காநல்லூர், கோவை

பதில்: குழாய்.

ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் ஆசிரியர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார் என்பதால் விளக்கமும் தருகிறேன். வளைய மறுக்கும் குணம், அதாவது விறைப்பு, இரும்புக்கு 200 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு 70. பிளைவுட்டுக்கு எட்டோ பத்தோ. இரும்பு ஜெயித்துவிட்டது என்று உடனே கடைக்கு ஓடாதீர்கள். அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். இரும்புக்கு 7.85, அலுமினியத்துக்கு 2.7, இரண்டுக்கும் விடை 26-ஐ ஒட்டித்தான் வரும். மரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கும். கிலோவுக்குக் கிலோ இரும்பும் அலுமினியமும் சரிக்குச் சரி. வித்தியாசமெல்லாம் உருவத்தில் இருக்கிறது.

50×12 மி.மீ. இரும்புப் பட்டையை 800 மி.மீ. இடைவெளியில் படுக்கவைத்து நடுவில் பத்துக் கிலோ தொங்கவிட்டால், ஏறக்குறைய முக்கால் மி.மீ. தொய்யும். அதே இடத்தில் 3 மி.மீ. சுவர் உள்ள 50×50 சதுரக் குழாயை வையுங்கள். தொய்வு சுமார் 0.025 மி.மீ. எடையோ குழாய்க்குத்தான் ஒரு துளி குறைவு. அப்படியும் விறைப்பு 29 மடங்கு! நடுவில் குவிந்து கிடக்கும் இரும்பு சோம்பேறி. ஓரத்துக்குத் துரத்தினால்தான் வேலை செய்யும். மூங்கிலுக்கு இது பிறவியிலேயே தெரியும்.

கேள்வி: தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பும் இரண்டு மடங்குதானே?
— மதுரை

பதில்: எட்டு மடங்கு. பலகை வளைவது தடிமனின் முப்படிக் கணக்கு. ரொம்பச் சந்தோஷப்படாதீர்கள், அதே முப்படி நீளத்தின் பக்கம் எதிரியாக உட்கார்ந்திருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. உருண்டைத் தண்டுக்கு விட்டத்தின் நாற்படி: 8 மி.மீ. ராடைக் கழற்றிவிட்டு 12 போட்டால் விறைப்பு ஐந்து மடங்கு கூடும்.

‘எட்டுக்கு நாலு பலகையை முழுசாக ஏற்றணும்’ என்று ஆசைப்படும் முன், போன வருடம் நீங்கள் அறுத்ததிலேயே பெரிய துண்டு எத்தனை அடி என்று பாருங்கள். தடிமனைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நீளத்தைக் குறைத்தால் விறைப்பு இலவசம்.

கேள்வி: கடன் வாங்கி 4040 அலுமினிய புரொஃபைலில் ரவுட்டர் கட்டினேன். ஸ்பிண்டிலைக் கையால் தள்ளினால் ஆடுகிறது. குறுக்குச்சட்டத்துக்கு 4080 போடு என்கிறான் நண்பன். போடலாமா?
— பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: நண்பர் 4080 விற்கும் கடை வைத்திருக்கவில்லையே? முதலில் அளந்து பாருங்கள் தம்பி. நானும் என் முதல் இயந்திரத்தில் குறுக்குச்சட்டத்தை இரண்டு முறை மாற்றினேன். மூன்றாவது முறைக்குக் காசில்லாததால்தான் அளக்கத் தொடங்கினேன்.

காந்த ஸ்டாண்டில் ஒரு டயல் கேஜ். பழைய பேப்பர்காரர் வைத்திருப்பாரே, கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு, அதில் ஒன்று. கொக்கியை ஸ்பிண்டில் நுனியில் மாட்டி, குறுக்குச்சட்டத்தைச் சுமக்கும் கேன்ட்ரி ஓடும் திசையில் ஐந்து கிலோ காட்டும்வரை இழுத்தேன். நுனி 0.60 மி.மீ. நகர்ந்தது. பிறகு கேஜை ஒவ்வோர் இடமாக மாற்றி வைத்து அதே ஐந்து கிலோ. சட்டத்தின் நடுவில் 0.52. சட்டத்தின் முனையில் 0.50. அதாவது, நான் இரண்டு முறை காசைக் கொட்டிய சட்டம் வளைந்ததெல்லாம் 0.02 மட்டுமே! சட்டத்தைத் தாங்கும் பக்கத்தகட்டின் மேலே 0.50, அது உட்கார்ந்திருக்கும் வண்டியில் 0.10. மிச்சம் 0.40-ம் தகடும் வண்டியும் சேரும் அந்த ஒரு மூட்டில் போயிருக்கிறது. குனிந்து பார்த்தால் இரண்டு போல்ட், 30 மி.மீ. இடைவெளியில், விளையாட்டுச் சாமானுக்குப் போட்டதுபோல.

இயந்திரம் என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றின் நெகிழ்வும் நுனியில் வந்து கூடும். அதிகம் நெகிழ்வது எதுவோ அதைத் திருத்தும்வரை மற்றதற்குச் செய்யும் செலவு கடலில் கரைத்த பெருங்காயம். போல்ட் இடைவெளியை 120 மி.மீ. ஆக்கினேன். சாயப் பார்க்கும் மூட்டில் இடைவெளி நாலு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு. நுனியில் 0.60 இருந்தது 0.23-க்கு இறங்கியது. செலவு: நாலு போல்ட், ஒரு சாயங்காலம்.

எல்லோரும் பொருளை வாங்கி வந்துவிட்டு, எப்படிப் பூட்டலாம் என்று யோசிக்கிறோம். மூட்டை முதலில் தீர்மானியுங்கள். அது எந்தப் பொருளைக் கேட்கிறதோ அதை வாங்குங்கள்.

கேள்வி: நாலு குழாயைச் சதுரமாகச் சேர்த்து நிறுத்தினேன். தள்ளினால் சாய்சதுரமாகிறது. மூலைக்கு இன்னும் பெரிய எல் பிராக்கெட் போடவா?
— சிவகாசி

பதில்: சிவகாசியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஒரு தீப்பெட்டியை எடுங்கள். உள்கூட்டை உருவிவிட்டு மேலுறையின் ஓரத்தை விரலால் தள்ளினால் படுத்துவிடும். உள்கூட்டைச் செருகிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், அசையாது. அந்த இத்துனூண்டு அட்டை மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, சதுரத்தின் வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

உங்கள் சட்டத்தின் முதுகில் ஒரு 6 மி.மீ. பிளைவுட்டோ 2 மி.மீ. தகடோ வைத்து நாலு ஓரமும் நெருக்கமாகத் திருகுங்கள். அடைக்க வழியில்லாத முகத்தில் மூலைவிட்டமாக ஒரு பட்டை போடுங்கள், முக்கோணம் சாயாது. முறுக்கலுக்கும் இதே வைத்தியம்தான். மூடி இல்லாத அட்டைப் பெட்டியை ஈரத்துணிபோல் முறுக்கலாம், ஒட்டி மூடிய பெட்டியை முடியாது.

கேள்வி: அப்பா வெல்டர். பிரேம் முழுக்க வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார். போல்ட்தான் நல்லது என்கிறது யூடியூப். யார் பேச்சைக் கேட்பது?
— அம்பத்தூர்

பதில்: அப்பா பேச்சை. ஆனால் வண்டி ஓடும் ரெயில் பூட்டும்வரைதான். வெல்டிங் மூட்டு நழுவாது, கழலாது, விறைப்பில் அதற்கு நிகரில்லை. குறை ஒன்று: ஆறும்போது சுருங்கி இழுக்கும். சூட்டில் மூலைமட்டம் ஒன்று சொல்லும், ஆறியதும் வேறொன்று சொல்லும். நாலு மூலையிலும் முதலில் டாக் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்துச் சமமாக்கிக்கொண்டு, எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கட்டும்.

அப்படி வைத்தாலும் குழாயின் முகம் ரெயிலுக்கு வேண்டிய மட்டத்தில் இருக்காது. ரெயில் பார்க்க முரட்டு இரும்புபோல் இருக்கும். மேடுபள்ளத்தில் வைத்து இறுக்கினால் அதுவும் மேடுபள்ளமாகவே படிந்துவிடும். ரெயில் உட்காரும் இடத்தில் மட்டும் மில்லிங் போட்டு வாங்கலாம். முடியாதவர்கள் தானாக மட்டம் பிடிக்கும் எபாக்சியை இரண்டு பக்கமும் ஊற்றுவார்கள். நடுவில் ஒரு தற்காலிகக் கால்வாய் வெட்டி இணைத்துவிட்டால் இரண்டு பக்கமும் குளத்துத் தண்ணீர்போல் ஒரே மட்டத்தில் உறையும். அதன்மேல் ரெயிலை போல்ட் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். வெல்டிங்கில் வந்தது விதி. அதை வெல்ல போல்ட்டில் கொஞ்சம் மதி.

கேள்வி: 6 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. ஓட்டை போட்டால்தானே கச்சிதமாக நிற்கும்?
— ஓசூர்

பதில்: நிற்கும், வெளியே. உள்ளே போகாது. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் ஒத்துவராது. 6.6 போடுங்கள்.

போல்ட் ஆணிபோல் குறுக்கே நின்று தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை நெரிப்பது. ஒழுங்காக இறுக்கிய 8.8 கிரேடு எம்6 போல்ட் ஒன்று ஏறக்குறைய 900 கிலோ விசையோடு இரண்டு தகடுகளையும் நெரிக்கும். ஒரு சின்னக் கார் அந்த இடத்தில் ஏறி நிற்பதுபோல. நெரிபட்ட முகங்களின் உராய்வுதான் உண்மையான மூட்டு. ஆகவே சேரும் முகத்தில் பெயின்ட் வேண்டாம். அது நாளடைவில் நசுங்கி இறுக்கத்தைத் தின்றுவிடும். கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்றால், எல்லாவற்றையும் சரிபார்த்து இறுக்கிய பிறகு இரண்டு தகட்டையும் சேர்த்துத் துளைத்து இரண்டு டவல் பின் அடியுங்கள். இடம் காட்டுவது பின், பிடித்துக்கொள்வது போல்ட். ஒருவர் வேலையை இன்னொருவர் தலையில் கட்டினால் ஆபீஸில் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

கேள்வி: அதிர்வில் நட்டு கழன்றுகொண்டே இருக்கிறது. ஸ்பிரிங் வாஷர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டும் கேட்கவில்லை.
— திருப்பூர்

பதில்: தூங்கும் காவலாளிக்குத் துணையாக இன்னொரு தூங்கும் காவலாளி. இறுக்கியதும் ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிச் சாதா வாஷர் ஆகிவிடும். நட்டைக் கழற்றும் பெரிய வில்லன் பக்கவாட்டு வழுக்கல் என்று ஜெர்மன் பொறியாளர் ஜுங்கர் 1969-லேயே காட்டிவிட்டார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதவரை நட்டு நகராது. ஒழுங்காக இறுக்குங்கள், போதாவிட்டால் போல்ட்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். குட்டை போல்ட்டைவிட நீள போல்ட் ரப்பர் பேண்டுபோல் கொஞ்சம் நீண்டு இறுக்கத்தைக் காப்பாற்றும். அதற்கும் மேல் பயமிருந்தால் நைலாக் நட், அல்லது நீல நிற திரெட் லாக்கர். சிவப்பு போட்டால் பிறகு சூடாக்கித்தான் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு நிரந்தர உறவு வேண்டாம்.

கேள்வி: பிளைவுட்டில் கட்டிய 3டி பிரிண்டர் கோடையில் ஒழுங்காக ஓடுகிறது. ஐப்பசி பிறந்தால் கோணல். ஜோசியரைப் பார்க்கவா?
— நாகர்கோவில்

பதில்: ஹார்டுவேர் கடைக்காரரைப் பாருங்கள். பிளைவுட் ஈரம் குடித்தால் தடிக்கும், காய்ந்தால் மெலியும். தடிக்கும்போது போல்ட்டின் தலை மர நாரை நசுக்கிவிடுகிறது. மெலியும்போது நசுங்கிய இடத்தில் ஒரு சின்னச் சந்து. உங்கள் கிரக தோஷம் அங்கே குடியிருக்கிறது.

பரிகாரம் மூன்று. ஒன்று, ஐ.எஸ். 303 முத்திரை போட்ட வீட்டு பிளைவுட்டுக்குப் பதில் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட். அதன் பசை தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் மரம் மரம்தான், ஈரம் குடிக்கவே செய்யும். அதனால் இரண்டாவது: அறுத்த ஓரங்களுக்கும் துளைகளுக்கும் இரண்டு கை வார்னிஷ். பலகைக்கு வாய் அங்கேதான். மூன்று, போல்ட் போகும் துளையில் பலகையின் தடிமனுக்கு ஒரு இரும்புக் குழாய்த்துண்டைச் செருகி, இருபுறமும் அகல வாஷர் போடுங்கள். போல்ட் இரும்பை இறுக்கும், மரம் நடுவில் நிம்மதியாக இருக்கும்.

பிளைவுட்டைக் கேவலமாக எண்ண வேண்டாம். மேக்கர்பாட் நிறுவனம் 2009-ல் விற்ற முதல் பிரிண்டரான ‘கப்கேக்’, லேசரில் அறுத்த பிளைவுட் பெட்டிதான். பிளாஸ்டிக்கைப் பிழிந்து கோடு போடும் இயந்திரத்துக்கு வெட்டு விசையே கிடையாது. அதற்கு மரம் தாராளம்.

கேள்வி: பிரிண்டரில் அடித்த பிஎல்ஏ மூலைகளை வைத்தே ரவுட்டர் கட்டலாமா? இயந்திரம் இயந்திரத்தைப் பெற்றெடுத்ததாக இருக்குமே!
— ஈரோடு

பதில்: அந்தப் பிரசவம் ஏற்கெனவே நடந்துவிட்டது. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தில், 2008-ல் ஒரு பிரிண்டர் தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சடித்துக் கொடுத்து இன்னொரு பிரிண்டர் பிறந்தது. ஆனால் குழந்தையின் எலும்பெல்லாம் ஹார்டுவேர் கடை இரும்பு ராடு; பிளாஸ்டிக் மூட்டுகளில் மட்டும். பார்த்த வேலையும் பூப்போன்ற வேலை.

ரவுட்டரின் கத்தி மரத்தைக் கடிக்கும், பிடி உதறும். பிஎல்ஏ 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சித்திரை மாதம் மூடிய காருக்குள் வைத்தால் ஈரோட்டு வெயிலே போதும். இறுக்கிய போல்ட்டின் அடியில் மெல்ல மெல்ல விலகிக் கொடுக்கவும் செய்யும். இன்று இறுக்கியது அடுத்த மாதம் தளர்ந்திருக்கும். படலம் படலமாக அடுக்கியது என்பதால் படலத்துக்குக் குறுக்கே இழுத்தால் பிளந்துவிடும்.

ஒரு குறுக்குவழி உண்டு. பிஎல்ஏ மூலைகளோடு இயந்திரத்தை ஓடவிட்டு, முதல் வேலையாக அதே மூலைகளை அலுமினியத் தகட்டில் மெதுவாக, மேலோட்டமாகப் பல முறை ஓட்டி அறுக்கச் சொல்லுங்கள். அறுத்ததைக் கொண்டு பிஎல்ஏயை மாற்றுங்கள். பால்பல் விழுந்து நிஜப்பல் முளைக்கட்டும்.

கேள்வி: லேசர் கட்டருக்கு அக்ரிலிக் கூடு கட்ட ஆசை. உள்ளே நடப்பது பளிச்சென்று தெரியுமே!
— புதுச்சேரி

பதில்: தெரியும். நீல டயோடு லேசராக இருந்தால் நீங்கள் கடைசியாகப் பார்த்த காட்சியாகவும் அது ஆகிவிடலாம். கார்பன் டையாக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளியை அக்ரிலிக் விழுங்கிவிடும். 450 நானோமீட்டர் நீல ஒளிக்கோ நிறமில்லாத அக்ரிலிக் திறந்த ஜன்னல். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த தடுப்புத் தகட்டை வாங்குங்கள். இல்லையென்றால் இரும்புத் தகட்டால் மூடி, உள்ளே கேமரா வையுங்கள்.

எதுவானாலும் அக்ரிலிக்கைப் பாரம் தாங்க விடாதீர்கள். உட்புற மூலைகளைக் கூராக அறுத்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும், வளைத்து விடுங்கள். இறுக்கிய இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் சிலந்தி வலைபோல் வெடிக்கும். மேலே சொன்ன திரெட் லாக்கரும் அதற்கு விஷம். இன்னொன்று: பிவிசி போர்டை லேசருக்குக் கீழே வைக்கவே கூடாது. கிளம்புவது ஹைட்ரஜன் குளோரைடு. உங்கள் நுரையீரலையும் இயந்திரத்தின் ரெயிலையும் பாரபட்சமில்லாமல் அரிக்கும்.

கேள்வி: காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகை போன்ற எச்டிபிஇ தகடு மலிவாகக் கிடைக்கிறது. அதில் கட்டலாமா?
— கும்பகோணம்

பதில்: கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான ‘எம்டிஎம் ஸ்னாப்’ என்ற மேசைமேல் மில்லிங் இயந்திரத்தின் உடம்பு எச்டிபிஇ தகடுதான். பாகங்கள் டிபன் பாக்ஸ் மூடிபோல் ‘டக்’கென்று ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். எச்டிபிஇ கொஞ்சம் வளைந்துகொடுத்து நிமிரும், அதனால் அந்த மூட்டு பலிக்கிறது. அக்ரிலிக்கில் அதையே செய்தால் ‘டக்’குக்குப் பதில் ‘படீர்’. மூட்டு பொருளைக் கேட்கும் என்றேனே, இதுதான்.

குறைகளும் கேளுங்கள். சாதாரணப் பசை எதுவும் இதில் ஒட்டாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஒரு மீட்டர் இரும்பு 0.12 மி.மீ. நீளும், அலுமினியம் 0.23. எச்டிபிஇ ஒரு மி.மீ.க்கு மேல்! கையகல இயந்திரம் என்றால் சரி. கட்டில் அளவுக்குக் கட்டினால் காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு.

கேள்வி: பிரிண்டர் மேடையின் நாலு மூலையிலும் ஸ்க்ரூ. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. பைத்தியம் பிடிக்கிறது.
— தஞ்சாவூர்

பதில்: பாட்டி அடுப்புக்கு எத்தனை கல் வைத்தார்? மூன்று. நாலாவது கல் வைத்தால் பானை ஆடும் என்று அவருக்குத் தெரியும். மூன்று புள்ளிகள் சண்டையில்லாமல் ஒரு தளத்தை முடிவு செய்துவிடும். நாலாவது வந்தால் பஞ்சாயத்து. மேடை முறுக்கிக்கொண்டு எல்லோரையும் சமாதானப்படுத்தப் பார்க்கும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி எறியுங்கள். இரண்டு முன்னால், ஒன்று பின்னால் நடுவில்.

பாட்டியின் அடுப்பைக் கணக்காக எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். எந்தப் பொருளுக்கும் ஆறு விதமாக அசைய முடியும். அதை நிறுத்த ஆறு தொடுபுள்ளி போதும், ஏழாவது தொல்லை. மூன்று உருண்டைகள், அவை உட்கார மூன்று ‘வி’ பள்ளங்கள் என்றால் அந்த ஆறும் கிடைத்துவிடும். ஆயிரம் முறை கழற்றி வைத்தாலும் அதே இடத்தில் உட்காரும். இரட்டை ரெயில் போடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு ரெயில் எஜமான், நேராக்கி முழுக்க இறுக்குங்கள். மற்றதை லேசாக வைத்து, வண்டியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டி, அது தானாகத் தேடிக்கொண்ட இடத்தில் இறுக்குங்கள்.

கேள்வி: கேன்ட்ரியை ஒரே பக்கம் ஸ்க்ரூ வைத்து இழுக்கிறேன். நடுவழியில் சிக்கிக்கொள்கிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை.
— காரைக்குடி

பதில்: பழைய மேசையின் அகல இழுப்பறையை ஒரு ஓரக் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கோணிக்கொண்டு கவ்வும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் எண்ணெய் போட்டுக் கணிதத்தை ஏமாற்ற முடியாது. புஷ் வைத்த அமைப்புக்குப் பட்டறைக் கணக்கு ‘இரண்டுக்கு ஒன்று’. புஷ்களுக்கிடையே 100 மி.மீ. என்றால், இழுக்கும் இடம் அதிலிருந்து 200-க்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது. புஷ்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள், அல்லது இரண்டு பக்கமும் இழுங்கள்.

கேள்வி: 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 18 மி.மீ. காடி வரைந்தேன், போகவில்லை. லேசரில் 3 மி.மீ. பலகைக்கு 3 மி.மீ. காடி போட்டேன், லொடலொடக்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?
— சேலம்

பதில்: கம்ப்யூட்டர் அரிச்சந்திரன். ‘18’ என்று முத்திரை குத்தியவர்தான் கொஞ்சம் கவிஞர். வெர்னியர் வைத்து நாலு இடத்தில் அளந்து பாருங்கள், நாலு விடை வரும். லேசரோ அறுக்கும்போது 0.1, 0.2 மி.மீ. மரத்தைத் தன் பங்காகத் தின்றுவிடும். வரைபடத்தில் அதைக் கழித்துவிட வேண்டும். மிச்சத் துண்டில் 0.1 மி.மீ. வித்தியாசத்தில் பத்துக் காடி, சீப்பு மாதிரி அறுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் எதில் முனகிக்கொண்டே போகிறதோ அதுதான் உங்கள் எண்.

ரவுட்டர் பிட் உருண்டை, உள்மூலையைச் சதுரமாக அறுக்காது. மூலையில் கொஞ்சம் தாண்டி ஒரு குழி போட்டுவிடுங்கள், பலகை முழுசாக உட்காரும். காடியே எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். பலகையில் ‘டி’ வடிவத்தில் ஒரு வெட்டு, அதன் குறுக்கில் நட்டு, வெளியிலிருந்து ஒரு போல்ட். காடி இடம் காட்டும், போல்ட் இழுத்து இறுக்கும். நம் தச்சர்கள் கழுந்தைத் துளையில் விட்டு ஆப்பு அடித்ததும் இதே பங்கீடுதான்.

கேள்வி: குழாய்க்குள் மணல் நிரப்பினால் இன்னும் பலமாகுமா?
— கரூர்

பதில்: பலமாகாது, அமைதியாகும். சுண்டினால் ‘ணங்’ என்றது இனி ‘டொக்’ என்னும். மணல் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். அறுத்த முகத்தில் அலை அலையான தழும்பு குறையும். வார்ப்பிரும்பு லேத் அதிராமல் நிற்பதில் அதன் வயிற்றிலுள்ள கிராஃபைட் செதில்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நன்றாகக் காய்ந்த மணலாகப் போட்டு இரு முனையையும் அடைத்துவிடுங்கள். நிற்கும் பாகத்தில் மட்டும். ஓடும் பாகத்தில் போட்டால் மோட்டார் உங்களைச் சபிக்கும்.

கேள்வி: என் கணவர் மொட்டை மாடியில் ஏதோ இயந்திரம் கட்டுகிறார். எனக்குத் தெரியாது என்பது அவர் நினைப்பு. துணி காயப்போடும்போது கை ஊன்றிப் பார்த்தேன். மேலே குறுக்குச்சட்டம் கல்லாட்டம் நிற்கிறது. கீழே பக்கத்தகடு சேரும் இடத்தில்தான் அசைகிறது. அங்கே இரண்டே போல்ட், அதுவும் ஒட்டி ஒட்டி. அவரோ மேல் சட்டத்தை மூன்றாவது முறையாக மாற்றக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லலாமா?
— ஊரும் வேண்டாம்

பதில்: அம்மா, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டயல் கேஜ், ஒரு தராசு, இரண்டு குறுக்குச்சட்டத்தின் விலை எல்லாம் தேவைப்பட்டது. உங்களுக்கு ஈரக்கை ஒன்று போதுமாக இருந்திருக்கிறது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் இந்தப் பக்கத்தை நீங்களே எழுதுங்கள். பெயர் போட்டு.